செடிக் கூடையும் தொட்டி அலங்காரமும்: பூத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூங்கொத்து கட்டப் பழகிவிட்டு, அடுத்ததாக வேரோடு இருக்கும் செடிகளை வைத்துக் கூடை, கிண்ணம், தொட்டி என்று அலங்காரம் செய்ய இறங்குபவர்களுக்கான பக்கம் இது. நிறம் சேர்ப்பதும் வடிவம் பார்ப்பதும் உங்களுக்கு ஓரளவு கைவந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதனால் இங்கே பாதிக்கு மேல் பேசப்போவது மண்ணுக்குக் கீழே நடப்பதைப் பற்றி. செடிக் கூடை கெடுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பூங்கொத்து செய்வதற்கும் செடிக் கூடை செய்வதற்கும் வேலையில் என்ன வித்தியாசம்?

வெட்டிய பூ வாடத்தான் போகிறது. அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதே நம் வேலை. செடி வளரும், வெளிச்சம் பார்த்துச் சாயும், பக்கத்தில் இருப்பதை மூடும். ஆகவே கடையைவிட்டுப் போகும் நாளில் எப்படி இருக்கும் என்பதோடு, மூன்று வாரம் கழித்து எப்படி இருக்கும் என்றும் யோசித்துத்தான் செடியை எடுக்க வேண்டும். வாங்குபவரின் மனநிலையும் அப்படித்தான். கொத்து ஒரு வாரத்தில் வாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். செடி இரண்டு வாரத்தில் அழுகினால் கூடையோடு கடைக்கே வந்து நிற்பார்கள்.

எந்தப் பாத்திரத்தை எடுப்பது?

முதலில் ஆழத்தைப் பாருங்கள். நடப்போகும் செடிகளில் எதற்கு வேர்க்கட்டி (வேரும் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த கட்டி) உயரமோ, அதைவிடக் குறைந்தது 3 செ.மீ. கூடுதல் ஆழம் வேண்டும். கீழே கொஞ்சம் கலவை, மேலே தண்ணீர் நிற்க ஒரு விளிம்பு இரண்டுக்கும் அந்த இடம் தேவை. தட்டையான கிண்ணம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, வேர்க்கட்டியை அமுக்கி அமுக்கி நுழைப்பதைப் புதியவர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள்.

அடுத்தது, எதனால் ஆனது என்பது. சுட்ட மண் தொட்டி தன் சுவர் வழியாகவே ஈரத்தை வெளியே விடும். சதைப்பற்றுச் செடிகளுக்கு அது நல்லது, பெரணிக்குத் தொல்லை. புது மண் தொட்டியை நடுவதற்கு முன் தண்ணீரில் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை அதுவே குடித்துவிடும். தகரமும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் வெயிலில் சூடேறி ஓரத்து வேர்களைக் கருக்கும், வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் சரி. சிமென்ட் தொட்டியில் புதிதாக இருக்கும்போது சுண்ணாம்புத் தன்மை கசியும். சில நாள் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகு பயன்படுத்துங்கள். பிரம்பு, மூங்கில், கோரைக் கூடைகள் எடை குறைவு, விலையும் ஒத்துவரும், ஆனால் உள்ளே விரிக்கும் பாலித்தீன் உள்தாள் இல்லாமல் உதவாது. பீங்கான்தான் பழகுவதற்கு எளிது. எடை மட்டும் கொஞ்சம் படுத்தும்.

பாத்திரத்தின் அடியில் துளை இல்லை. கூழாங்கல் போட்டு நட்டால் போதுமா?

இந்தத் தொழிலில் வாய்வழியாகப் பரவிய அறிவுரைகளில் மிகவும் உறுதியாக நம்பப்படுவது இதுதான். மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

கலவையில் இருக்கும் துளைகள் மிகச் சிறியவை. கூழாங்கற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி பெரியது. சிறு துளைகளில் பிடிபட்ட தண்ணீர் பெரிய இடைவெளிக்குள் சட்டென்று இறங்காது. மேலே உள்ள கலவை முழுவதும் ஊறி, இனிமேல் தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். அதாவது கூழாங்கல் போட்டாலும் கலவையின் அடிப்பகுதி சதசதவென்றுதான் இருக்கும். அந்தச் சதசதப்பு பாத்திரத்தின் அடியில் இருப்பதற்குப் பதிலாகக் கல் அடுக்கின் உயரத்துக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. வேருக்கான ஆழமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

நம்பவில்லை என்றால் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் மட்டுமே மாறியது. ஆழமான தொட்டியில் மேல்மண் சீக்கிரம் காய்வதும், தட்டைக் கிண்ணம் முழுக்க ஈரமாகவே இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே துளையில்லாத பாத்திரம் என்றால் கொஞ்சம் ஆழமானதாகத் தேடுங்கள், காற்றோட்டமான கலவையாகப் போடுங்கள், தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்.

கல்லே வேண்டாமா என்றால், ஒரே ஒரு விதத்தில் உதவும். கை தவறி அதிகமாக ஊற்றிவிட்ட தண்ணீர் அங்கே போய் நிற்க ஒரு இடம் கிடைக்கும். அந்தத் தண்ணீரை நாம் கண்ணால் பார்க்க வழி இருந்தால்தான் அதற்கும் பயன். அதனால் நடுவதற்கு முன்பே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அடிவரை நிறுத்தி, பாசியால் தலையை மறைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தால் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அடுப்புக்கரித் துண்டுகள் போடுவார்கள். அது வாடையைக் கொஞ்சம் உறிஞ்சலாம், தேங்கிய தண்ணீரை எங்கும் கொண்டுபோகாது.

துளை போட முடிந்த பாத்திரம் என்றால் போட்டுவிடுங்கள். அதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை.

கூடைக்குள் தாள் விரிப்பது எப்படி?

கனமான பாலித்தீன் தாள். மெல்லியது என்றால் இரண்டு அடுக்கு. பிரம்பு முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் நறுக்கிவிடுங்கள், ஓட்டை விழுவது அங்கேதான். தாளைத் தளர்வாக, மடிப்புகளோடு போடுங்கள். இழுத்துக் கட்டினால் மண்ணின் பாரம் ஏறியதும் கிழியும். விளிம்பை உடனே வெட்டாதீர்கள். நட்டு முடித்த பிறகு, கூடை விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருக்குமாறு வெட்டி உள்பக்கமாக மடித்துவிடுங்கள். நடுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் மர மேசையில் கறை படிந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

என்ன கலவை போடுவது? தோட்ட மண் போதாதா?

போதாது. நிலத்தில் மண்புழுவும் வேர்களும் மண்ணை இளக்கிக்கொண்டே இருக்கும். கிண்ணத்துக்குள் அதே மண் நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகிப்போகும். எடையும் அதிகம், களை விதையும் பூச்சி முட்டையும் சேர்ந்தே வரும்.

இலைச் செடிகளுக்கும் பூச்செடிகளுக்கும் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் குருணை) ஒரு பங்கு என்று தொடங்கலாம். சதைப்பற்றுச் செடிகளுக்கு மொத்தத்தில் பாதி அளவு பருமணலோ பெர்லைட்டோ இருக்க வேண்டும். மாவு போன்ற நைஸ் மணல் வேண்டாம், அது இருக்கும் துளைகளையும் அடைத்துவிடும். நார்த்தூள் கட்டியாக வந்தால் ஊறவைத்து, ஒரு தடவை அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். சில கட்டிகளில் உப்பு இருக்கும். கலவையை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. அந்த ஈரத்தில் நடுவதுதான் வசதி. உலர்ந்த நார்த்தூளில் நட்டுவிட்டு மேலே ஊற்றினால் தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடும்.

எந்தச் செடியை எதனோடு சேர்ப்பது?

கடையில் அழகாக இருக்கிறது என்று தோன்றும் முதல் மூன்று செடிகளை எடுத்துக் கூடையில் வைப்பதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. அதைக் கொஞ்சம் அடக்குங்கள். முதல் கேள்வி தண்ணீர், இரண்டாவது வெளிச்சம், மூன்றாவது வளரும் வேகம். நிறத்தின் முறை அதற்குப் பிறகுதான்.

ஈரமும் நிழலும் கேட்பவை ஒரு குழு: பீஸ் லில்லி, பெரணிகள், ஃபிட்டோனியா, சிங்கோனியம், பார்லர் பாம். மேல்மண் கொஞ்சம் காய்ந்த பிறகு தண்ணீர் கேட்பவை இன்னொரு குழு: மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, பெப்பரோமியா. நல்ல வெளிச்சமும் வறண்ட மண்ணும் கேட்பவை மூன்றாவது: எச்சிவேரியா, ஹாவொர்த்தியா, ஜேட், கலஞ்சோ. வெளியே வெயிலில் வைக்க பெட்டூனியா, வெர்பினா, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ். இவற்றிலும் டேபிள் ரோஸ் வறட்சிக்காரி. பெட்டூனியாவோடு அதைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று முகம் சுளிக்கும்.

கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு ஜோடி, வெள்ளை பீஸ் லில்லியும் சிவப்புக் கலஞ்சோவும். படத்தில் அருமையாக இருக்கும். ஆனால் பீஸ் லில்லிக்குப் போதுமான தண்ணீரை ஊற்றினால் கலஞ்சோவின் தண்டு அழுகும், கலஞ்சோவுக்கு ஏற்ப விட்டால் பீஸ் லில்லி தலை தொங்கும். வாங்கியவர் தனக்குத்தான் செடி வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். தப்பு கூடையைச் செய்தவருடையது. பெரணியையும் ஸ்நேக் பிளான்டையும் ஒன்றாக வைப்பதும் இதே கதைதான்.

வளரும் வேகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கோனியமும் டிரடெஸ்கான்ஷியாவும் பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபிட்டோனியாவைச் சில வாரங்களில் மூடிவிடும். சேர்த்தால் தப்பில்லை, அவ்வப்போது நுனி கிள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் தனி வகை. இயற்கையில் மரத்தின்மேல் ஒட்டி வளர்வது, வேருக்குக் காற்று வேண்டும். மற்ற செடிகளோடு மண் கலவையில் புதைத்தால் வேர் அழுகிவிடும். அதன் சொந்த மரப்பட்டைத் தொட்டியோடு அப்படியே கூடைக்குள் இறக்கி, சுற்றிலும் பாசியால் மறைத்துவிடுங்கள்.

சரி, செடி தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அழகாக எப்படி அடுக்குவது?

உயரமாக நிற்க ஒன்று, நடுவை நிரப்பச் சில, விளிம்பிலிருந்து வழிய ஒன்றிரண்டு. உலகம் முழுக்கப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இதுதான். தொடங்குவதற்கு நல்லது. ஆனால் எல்லாக் கூடையையும் இப்படியே செய்தால் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். ஒரே வகைச் செடியை, உதாரணமாக மூன்று ஆப்பிரிக்கன் வயலட்டை, ஒரு பழுப்புக் கிண்ணத்தில் நெருக்கி நட்டாலும் கண்ணை இழுக்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் தெரியும் செடி, பாத்திரத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்குச் சமன் தெரியும். தட்டைக் கிண்ணத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே அகலத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள கூடை என்றால் கைப்பிடியின் நடுப்பகுதியை இலை மறைக்காமல் விடுங்கள். தூக்குபவர் இலையையும் சேர்த்துப் பிடித்து நசுக்குவார்.

கூடை எங்கே வைக்கப்படும் என்று கேட்டுவிடுங்கள். சுவரோரம் என்றால் உயரமானது பின்னால், மேசை நடுவில் என்றால் மையத்தில்.

நிறத்தைவிட இலையின் வடிவ வேறுபாடு அதிகம் வேலை செய்யும். அகன்ற இலை ஒன்று, பொடிப்பொடியான இலை ஒன்று, வாள்போல் நீண்ட இலை ஒன்று. எல்லாமே பச்சையாக இருந்தாலும் கூடை சலிக்காது. வெள்ளையோ மஞ்சளோ கலந்த வரி இலைகளை ஒரு கூடைக்கு ஒரு வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு வகை வரி இலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதையுமே பார்க்க விடாது. வரி இலைச் செடிகளுக்கு அதே இனத்தின் பச்சை இலைச் செடியைவிட வெளிச்சமும் அதிகம் வேண்டும், இருட்டு மூலையில் வைத்தால் புது இலைகளில் வரி மங்கிவிடும். கருஞ்சிவப்பு இலைகள் பகலில் பிரமாதம், மங்கலான அறையில் காணாமலே போய்விடும். அங்கே வெள்ளைதான் தெரியும்.

எத்தனை செடி வைக்கலாம்?

25 செ.மீ. அகலக் கூடைக்கு 9 செ.மீ. தொட்டியில் வளர்ந்த செடிகள் நாலைந்து தாங்கும். பரிசுக் கூடையைக் கொஞ்சம் நெருக்கமாகவே நடலாம், உடனே நிறைவாகத் தெரிய வேண்டுமே. வெளியே பருவம் முழுக்க இருக்கப்போகும் தொட்டி என்றால் இடம் விட்டு நடுங்கள்.

தொட்டியிலிருந்து எடுத்து நடுவதா, தொட்டியோடு வைப்பதா?

ஒற்றைப் பதில் கிடையாது. இலைச் செடிகளை எடுத்து நடுங்கள். வேர் பரவும், கூடை நீண்ட நாள் நிற்கும். பூத்து முடிந்ததும் களை இழந்துபோகும் சாமந்தி, சைக்ளமன் போன்றவற்றை அவற்றின் சிறு தொட்டியோடு கலவைக்குள் இறக்கிவிடுங்கள். பூ போனதும் அதை மட்டும் உருவிவிட்டு, அதே குழியில் வேறொன்றை வைக்கலாம். தொட்டியின் விளிம்பு தெரியாமல் பாசி போட்டால் போதும். எல்லாவற்றையும் தொட்டியோடே அடுக்கிப் பாசியால் மூடி, நட்ட கூடை என்று விற்பவர்கள் உண்டு. வாங்கியவர் பாசியை விலக்கிப் பார்க்கும் வரைதான் அந்தப் பேச்சு நிற்கும்.

நடும் வேலையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

செடிகளை முதலில் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். காய்ந்த வேர்க்கட்டியைப் பிறகு நனைப்பது மிகவும் கஷ்டம், சுற்றியிருக்கும் புதுக் கலவை ஈரமாகவும் கட்டி மட்டும் உலர்ந்தும் கிடக்கும். வடியும் நேரத்தில் மஞ்சள் இலை, வாடிய பூ, தூசி எல்லாவற்றையும் நீக்குங்கள். வழவழப்பான இலையை ஈரத்துணியால் துடைக்கலாம். வயலட் மாதிரி ரோமம் உள்ள இலையை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் புள்ளி விழும்.

பிறகு தொட்டியிலிருந்து எடுக்காமலே கூடைக்குள் அடுக்கிப் பாருங்கள். இரண்டடி தள்ளி நின்று, கூடையைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு நல்ல முகம் உண்டு, அது வெளியே திரும்பட்டும். இதில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நட்டமில்லை. நட்ட பிறகு மாற்றினால்தான் வேர் அறும்.

இப்போது அடியில் கலவை போட்டு, பெரிய செடியை முதலில் வையுங்கள். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெல்ல இளக்கிவிடுங்கள். எல்லாச் செடிகளின் மண்மட்டமும், பழைய தொட்டியில் இருந்த அதே மட்டத்தில், ஒரே உயரத்துக்கு வர வேண்டும். குட்டைச் செடிக்கு அடியில் கூடுதல் கலவை போட்டு உயர்த்துங்கள். தண்டைப் புதைத்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். சைக்ளமனுக்கு அதன் கிழங்கின் தலை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

இடைவெளிகளில் ஒரு கரண்டியால் கலவையை ஊட்டி, குச்சியால் மெல்லக் குத்தி இறக்குங்கள். வேர்க்கட்டிகளுக்கு நடுவே காலியிடம் விட்டால் அங்கே வேர் போகாது. கையால் லேசாக அழுத்தினால் போதும், திணிக்க வேண்டாம். விளிம்புக்கு 2 செ.மீ. கீழே நிறுத்துங்கள். அப்புறம் கொஞ்சமாகத் தண்ணீர், தூரிகையால் இலைமேல் விழுந்த மண்ணைத் தட்டல், மேலே பாசி அல்லது மரப்பட்டைத் துண்டு. தண்டைச் சுற்றிப் பாசியை நெருக்கிக் கட்டாதீர்கள்.

முதல் கூடையாக எதைச் செய்து பழகலாம்?

25 செ.மீ. கூடையில் ஒரு பார்லர் பாம் உயரத்துக்கு, ஒரு பீஸ் லில்லி, இரண்டு ஃபிட்டோனியா, விளிம்பில் வழிய ஒரு ஃபைகஸ் புமிலா. ஐந்துக்கும் தண்ணீரும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். பீஸ் லில்லியும் ஃபிட்டோனியாவும் தாகம் எடுத்தால் உடனே துவண்டு காட்டும், தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

கூடைக்குள் வெட்டிய பூக்களையும் சேர்க்கலாமா?

தாராளமாக. செடிக் கிண்ணத்தில் சில வெட்டிய பூக்களைச் செருகும் பாணிக்கு பாட்-எ-ஃப்ளூர் என்று பெயர். பூத்தண்டுகளை நேரடியாக மண்ணில் குத்தாமல், மூடியுள்ள சிறு தண்ணீர்க் குழல்களில் வைத்துச் செடிகளுக்கு நடுவே இறக்குங்கள். பூ வாடியதும் குழலை எடுத்துவிட்டால் செடிக் கூடை அப்படியே நிற்கும். பச்சை நுரைக்கட்டியில் வேருள்ள செடியை நடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெட்டிய தண்டுக்காகச் செய்த பிளாஸ்டிக் நுரை, மண்ணில் மக்கவும் மக்காது.

பழங்களையும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும். அது மொட்டுகளை உதிர்க்கும், கலஞ்சோ பூக்களைச் சுருங்கவைக்கும். பழத்துக்குத் தனிக் கூடை என்று சொல்லிவிடுங்கள்.

தொங்கு கூடைக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

எடையும் தாகமும். 35 செ.மீ. அகலமுள்ள அரைக்கோளக் கூடை 10 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும். நன்றாக நனைந்தால் பத்து கிலோ அளவுக்குப் போய்விடும். கொக்கியும் சங்கிலியும் அதைத் தாங்குமா என்று கேட்காமல் விற்காதீர்கள்.

கம்பிக் கூடையை ஒரு வாளியின் வாய்மேல் உட்காரவைத்து வேலை செய்தால் உருளாது. தேங்காய் நார் விரிப்பு அல்லது பாசியைப் போட்டு, அதன் அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டு வைத்தால் ஊற்றிய தண்ணீர் மொத்தமும் ஓடிவிடாது. பக்கவாட்டிலும் நட வேண்டும், அப்போதுதான் கம்பி மறையும். விரிப்பில் கீறல் போட்டு, செடியின் இலைப்பகுதியைக் காகிதத்தில் சுருட்டி உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். வேரை வெளியிலிருந்து உள்ளே திணித்தால் அறுந்துபோகும். கீழ் வரிசை முடித்து, கலவை நிரப்பி, அடுத்த வரிசை, கடைசியாக மேல்பகுதி.

எல்லாப் பக்கமும் காற்றுப் படுவதால் சூடான நாட்களில் தினமும் தண்ணீர் கேட்கும், சில நாள் இரண்டு வேளையும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. இறக்கி ஒரு பாத்திரத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

கண்ணாடிப் பாத்திரத்தில் செய்வது?

மூடியுள்ள கண்ணாடிக்குள் ஈரம் விரும்பும் சிறு செடிகள் மட்டும். பெரணி, பாசி, ஃபிட்டோனியா போன்றவை. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829இல் ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் அடைத்துவைத்தபோது, அதில் பெரணி தானாக முளைத்தது. அங்கிருந்து வந்ததுதான் இந்த வழக்கம். சதைப்பற்றுச் செடியை மூடிய கண்ணாடியில் வைத்து விற்பது இன்றைக்கும் நடக்கிறது, அழுகத்தான் செய்யும். நேர் வெயிலில் வைத்தால் எந்தச் செடியும் வெந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு, எப்போது என்று வாங்குபவருக்கு என்ன சொல்வது?

'வாரம் இரண்டு முறை' என்று நாள் கணக்கு சொல்லாதீர்கள். அறையின் சூடு, காற்று, வெளிச்சம் எதுவும் நமக்குத் தெரியாது. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூடையைத் தூக்கி எடை பழகச் சொல்லுங்கள். துளையில்லாத கிண்ணம் என்றால் ஒரு சிறு டம்ளர் ஊற்றி நிறுத்திவிட்டு, மறுபடி காய்ந்த பிறகுதான் அடுத்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தண்ணீர் அதிகமானாலும் இலை துவளும், குறைந்தாலும் துவளும். மண் ஈரமாக இருக்கும்போது செடி துவண்டால் மேலும் ஊற்றக் கூடாது.

இதையெல்லாம் செடிகளின் பெயர்களோடு ஒரு சிறு அட்டையில் எழுதிக் கூடையில் செருகிவிடுங்கள். வாயால் சொன்னது பரிசு கைமாறும்போது தொலைந்துபோகும்.

வீட்டில் குழந்தையோ பூனை, நாயோ இருந்தால் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

கேட்டுவிட்டு நட வேண்டிய விஷயம் இது. டிஃபன்பாக்கியா, பிலோடென்ட்ரான், மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி இவற்றிலெல்லாம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கும். கலஞ்சோவில் இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது, வீட்டு விலங்குகளுக்கு ஆபத்து. சைகஸ் (பனை போலத் தெரியும் அலங்காரச் செடி) நாய்களுக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கொடியது. உண்மையான லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மகரந்தத்தை நக்கினாலே போதும். பூனை உள்ள வீட்டுக்கு லில்லியே போகக் கூடாது. பீஸ் லில்லி அந்த இனம் இல்லை, பெயர்தான் ஒன்று. அதனால் வருவது எரிச்சல் மட்டும்.

கவலையில்லாமல் கொடுக்கக்கூடியவை ஸ்பைடர் பிளான்ட், ஆப்பிரிக்கன் வயலட், பாஸ்டன் பெரணி, பெப்பரோமியா, பார்லர் பாம், ஹாவொர்த்தியா, எச்சிவேரியா, ஃபெலனாப்சிஸ். முழுக் கூடையையும் இவற்றிலிருந்தே செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் வேண்டாம், தண்ணீர்க் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

நர்சரியிலிருந்து வரும் செடியில் பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ, அசுவினி, செஞ்சிலந்தி எல்லாம் அடிப்பக்கம்தான் குடியிருக்கும். மாவுப்பூச்சி இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கவட்டில் பஞ்சுபோல் இருக்கும். தொட்டியிலிருந்து கட்டியை உருவி வேரையும் பாருங்கள். வேர் மாவுப்பூச்சி வெளியே தெரியாது. புதிதாக வந்தவற்றை ஒரு வாரமாவது தனியே வைத்திருந்து நடுங்கள். ஒரு கூடையில் ஐந்து செடி நெருங்கி நிற்பதால் ஒன்றில் இருப்பது ஐந்துக்கும் போய்விடும்.

உரம்?

நட்ட முதல் சில வாரங்களுக்குத் தேவையில்லை, கலவையில் இருப்பதே போதும். தொங்கு கூடைக்கு மட்டும், தினமும் தண்ணீர் ஊற்றிச் சத்து கழுவப்படுவதால், நடும்போதே மெதுவாகக் கரையும் குருணை உரம் சேர்த்துவிடலாம்.

விலை போடும்போது எதை மறந்துவிடுகிறார்கள்?

செடி, கூடை இரண்டையும் எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். கலவை, உள்தாள், பாசி, அட்டை, ரிப்பன் இவை ஒவ்வொன்றும் சில்லறை, சேர்ந்தால் கணிசம். கடையில் விற்காமல் வாடிப்போகும் செடிகளின் செலவை விற்கும் கூடைகள்தான் சுமக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிடும்போது நடும் நேரத்தோடு செடி துடைத்த நேரம், மேசை கழுவிய நேரம், விற்கும் வரை கடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரித்த நேரம் எல்லாம் சேரும்.

வண்டியில் எடுத்துச் செல்லும்போது சாயாமல் இருக்க?

முந்தைய நாளே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கிளம்பும் நேரத்தில் வேண்டாம். அட்டைப் பெட்டியில் கசக்கிய காகிதத்தால் சுற்றி நெருக்கி வையுங்கள். தூக்குவது அடியில் கைகொடுத்து. பிரம்புக் கைப்பிடி ஈர மண்ணின் பாரத்துக்காகச் செய்ததில்லை. மூடிய வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

பூ உதிர்ந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால்?

எந்தச் செடி என்று கேளுங்கள். பீஸ் லில்லி என்றால் பூத்தண்டை அடியோடு வெட்டிவிட்டு, கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் வைத்தால் மறுபடி பூக்கும். கலஞ்சோவுக்கு நீண்ட இரவு வேண்டும். தினம் ஏறக்குறைய 14 மணி நேரம் முழு இருட்டில் ஆறு வாரம் வைத்தால் மொட்டு விடும். விளக்கு எரியும் கூடத்திலேயே வைத்திருந்தால் இலை மட்டும்தான் வளரும். தொட்டிச் சாமந்தியைப் பெரும்பாலும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்துக் குட்டையாக வைத்திருப்பார்கள். தோட்டத்தில் நட்டால் அடுத்த முறை உயரமாக, வேறு தோற்றத்தில் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

தொட்டியோடு இறக்கியிருந்தால் வேலை இன்னும் சுலபம். பழையதை உருவி, அதே அளவுத் தொட்டியில் பருவத்துக்கேற்ற வேறொரு பூச்செடியை வைத்துக்கொடுத்து, செடிக்கு மட்டும் காசு வாங்குங்கள். புதிதாகக் கடை தொடங்குபவர்கள் இந்த மாற்று வேலையை முதல் நாளிலிருந்தே அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.